அந்தக் கப்பலில் எத்தனை ஹெலிகாப்டர்?

2008 மே மாதம், நர்கிஸ் புயல் அடித்து ஓய்ந்த இரண்டாவது வாரம். ரங்கூனில் எங்கள் தெருவில் கரண்ட் கிடையாது, குழாயில் தண்ணீர் கிடையாது, பாதி வீடுகளுக்குக் கூரைத் தகரம் பறந்துபோயிருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் டலாவிலும் துவாந்தேயிலும் இருந்த சொந்தக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் எல்லாரும் வாசலில் உட்கார்ந்து பேட்டரி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தோம். அதில்தான் அந்தச் செய்தி வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் நான்கு, பிரான்சின் மிஸ்த்ரால், பிரிட்டனின் ஒரு கப்பல், எல்லாம் உதவிப் பொருளோடு ஐராவதி ஆற்றின் முகத்துக்கு வெளியே கடலில் நிற்கின்றன, ராணுவ அரசு உள்ளே விட மறுக்கிறது.

பக்கத்து வீட்டில் ஒரு பர்மியப் பெரியவர் இருந்தார். நாங்கள் எல்லாரும் ஊலே என்றுதான் கூப்பிடுவோம், மாமா மாதிரி. கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தங்கை குடும்பம் பொகலேயில் இருந்தது, பத்து நாளாக ஒரு தகவலும் இல்லை. செய்தியைக் கேட்டதும் அவர் அரிசி எத்தனை டன், மருந்து இருக்கிறதா என்று கேட்கவில்லை. "அந்தக் கப்பலில் எத்தனை ஹெலிகாப்டர் தம்பி?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. தங்கை தண்ணீரில் கிடக்கிறாளோ என்னவோ, இந்த மனிதர் ஹெலிகாப்டரை எண்ணுகிறாரே என்று. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. அவர் அரசாங்கத்தின் ஆள் இல்லை, ராணுவத்தை வாய்விட்டுத் திட்டுபவர். அப்படிப்பட்டவருக்கே கடலில் ஒரு வெளிநாட்டுக் கப்பல் நிற்கிறது என்றதும் முதலில் வந்தது சந்தேகம்தான். இரண்டு நாடுகளுக்கு நடுவே கடலில் எப்போதோ நடந்த ஒரு மோதல் எப்படி இத்தனை தலைமுறை தாண்டி ஒரு மனிதரின் வாயிலிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். பர்மாவை வைத்துத் தொடங்குகிறேன், கொரியா பக்கம் போய்விட்டு மறுபடி வங்காள விரிகுடாவுக்கே வருகிறேன்.

பர்மியர்கள் பள்ளியில் படிக்கிற வரலாற்றில் எதிரி வருகிற வழி பெரும்பாலும் தண்ணீர்தான். வங்காளத்துக்கும் அரக்கானுக்கும் நடுவே ஓடுகிற நாஃப் ஆற்றின் முகத்தில் ஷாபுரி என்று ஒரு சின்ன மணல் தீவு இருக்கிறது. அது யாருடையது என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் பர்மிய அரசுக்கும் தகராறு. கம்பெனி அங்கே ஒரு காவல் படையை நிறுத்தியது, 1823 செப்டம்பரில் பர்மியப் படை ஓர் இரவு வந்து தாக்கியது, சில சிப்பாய்கள் செத்தார்கள். அந்த மணல்மேட்டுக்காகவேதான் போர் வந்தது என்று சொல்ல முடியாது, அசாம், மணிப்பூர் என்று வேறு பல சண்டைகளும் இருந்தன. ஆனால் சில மாதங்களில், 1824 மார்ச்சில், போர் அறிவிப்பு வந்துவிட்டது.

பர்மியத் தளபதி மகா பண்டுலா அரக்கான் வழியாக நிலத்தில் போய்க்கொண்டிருந்தபோது, ஆங்கிலேயர்கள் அந்தமானில் கப்பல்களைச் சேர்த்துக்கொண்டு சுமார் 11,000 பேரோடு மே 11 அன்று ரங்கூன் ஆற்றுக்குள் நுழைந்தார்கள். ஊர் காலியாக இருந்தது, மக்களை முன்பே காட்டுக்குள் ஓட்டிவிட்டிருந்தார்கள். அந்தக் கப்பல்களில் வந்த சிப்பாய்களில் பெரும்பகுதி சென்னைப் படை. அதாவது தமிழும் தெலுங்கும் பேசிய நம் ஆட்கள். இதை நான் சங்கடத்தோடுதான் எழுதுகிறேன், ஆனால் எழுதாமல் விட முடியாது. இந்த மண்ணில் இந்தியர்களான எங்களை 'காலா' என்று சொல்லும்போது அந்தச் சொல்லில் சில நேரம் ஏறுகிற கசப்புக்கு வட்டிக்கடை, நிலம், வேலைப் போட்டி என்று எத்தனையோ காரணம் உண்டு, ஆனால் முதல் கப்பலில் துப்பாக்கியோடு இறங்கியவர்கள் நாங்கள் என்ற நினைவும் அதில் ஓர் இழை. அந்தப் போரில் ஆங்கிலேயத் தரப்பில் மட்டும் சுமார் 15,000 பேர் செத்தார்கள், அதிகமும் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும். 1826இல் யாண்டபோ உடன்படிக்கையில் பர்மா அரக்கானையும் தெனாசரிமையும் இழந்தது, அதாவது தன் கடற்கரையில் பெரும்பகுதியை.

அந்தப் போரில் டயானா என்று ஒரு நீராவிக் கப்பல் வந்தது. பர்மியர்களின் போர்ப்படகுகள் நீளமானவை, நிறைய ஆட்கள் துடுப்புப் போடுவார்கள், வேகமானவை. டயானா அவற்றைத் துரத்திக்கொண்டே போகும், துடுப்புக்காரர்கள் களைத்துப்போகும் வரை. மனிதன் களைப்பான், இயந்திரம் களைக்காது. அதை முதன்முதலில் நேரில் பார்த்த கரையோர மக்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஆற்றங்கரையில் நிற்கும்போதெல்லாம் யோசிப்பேன்.

இரண்டாவது போர் இன்னும் மோசம், ஏனென்றால் அதைத் தொடங்கியதே ஒரு கடற்படை அதிகாரியின் முன்கோபம். ரங்கூன் ஆளுநர் இரண்டு ஆங்கிலக் கப்பல் கேப்டன்களுக்கு அபராதம் போட்டார். தகராறான தொகை பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவு. அதைத் திரும்பக் கேட்க கவர்னர் ஜெனரல் டால்ஹௌசி அனுப்பியது தூதரை இல்லை, போர்க்கப்பல்களோடு கமடோர் லாம்பர்ட்டை. பேச்சுவார்த்தையில் தன் ஆட்களை வெயிலில் காக்கவைத்து அவமதித்தார்கள் என்று சொல்லி, 1852 ஜனவரியில் அவர் துறைமுகத்தை முற்றுகையிட்டு, அங்கே நின்ற பர்மிய மன்னரின் சொந்தக் கப்பலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கரையிலிருந்து சுட்டார்கள், இவரும் சுட்டார். டால்ஹௌசிக்கே அவர் செய்தது பிடிக்கவில்லை. ஆனால் பின்வாங்கினால் மரியாதை போய்விடும் என்று கடைசியில் பத்து லட்சம் ரூபாய் கேட்டு கெடு வைத்தார். பத்தாயிரம் பத்து லட்சமானது, அப்புறம் கீழ்பர்மா முழுவதும் போனது. மிச்சமிருந்த மண்டலேயும் 1885 நவம்பரில் இரண்டே வாரத்தில் விழுந்தது. அப்போது படையை ஐராவதியில் ஏற்றிக்கொண்டு போனவை ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனியின் நீராவிக் கப்பல்கள். அதுவரை நெல்லும் பயணிகளும் ஏற்றிய, கரையோர ஜனங்கள் கையசைத்து வழியனுப்பிய அதே கப்பல்கள். கடைசி மன்னரான திபாவை ஏற்றிக்கொண்டு போனதும் ஒரு கப்பல்தான்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் ஊலேயின் கேள்விக்கு அர்த்தம் இருக்கிறது. சரக்குக் கப்பலாக இருந்தது ஒரு வாரத்தில் படைக் கப்பலாக மாறியதை இந்த நாடு பார்த்திருக்கிறது.

சரி, தரையிலும்தான் போர்கள் நடக்கின்றன, கடலில் நடந்தவை மட்டும் ஏன் இப்படித் தனியாக உறைந்து நிற்கின்றன? எனக்குத் தோன்றுகிற முதல் காரணம், தண்ணீரில் தடயம் தங்காது. தரையில் ஒரு சண்டை நடந்தால் வேலி இருக்கும், சுவரில் குண்டுத் துளை இருக்கும், பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் பார்த்திருப்பான். கடலில் யார் கோட்டைத் தாண்டியது, யார் முதலில் சுட்டது என்று சொல்ல அந்த இரண்டு கப்பலில் இருந்தவர்களைத் தவிர யாரும் இல்லை, அவர்களில் ஒரு தரப்பு பல நேரம் உயிரோடு இருக்காது. அதனால் இரண்டு நாட்டிலும் இரண்டு கதைகள் எழுதப்படுகின்றன, இரண்டும் ஒன்றை ஒன்று சந்திக்காமலே வளர்கின்றன. அடுத்தது, உடல்கள் கிடைப்பதில்லை. காரியம் செய்ய உடல் இல்லாத வீட்டில் துக்கம் முடிவதே இல்லை என்பது நர்கிஸ் பார்த்த எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. கடலில் போர்க்கப்பல் எப்போது வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும் தோன்றலாம் என்ற பயம். தமிழர்களாகிய நமக்கே இது தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஒரே ஒரு ஜெர்மன் கப்பல் சென்னைக் கரைக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை அடித்து நொறுக்கிவிட்டது. ஆனால் எம்டன் தமிழ்ச் சொல்லாகிவிட்டது. யாராவது பெரிய ஆளாக, பிடிபடாத ஆளாக இருந்தால் 'அவன் ஒரு எம்டன்' என்கிறோம். ஒரே இரவு, சில நிமிட குண்டுவீச்சு, நூறு வருஷம் தாண்டியும் பேச்சில் உட்கார்ந்திருக்கிறது. நம் சொந்தப் போராகக்கூட இல்லாத ஒன்றே இப்படி ஒட்டிக்கொண்டது என்றால், நாட்டையே இழந்தவர்களுக்கு எப்படி இருக்கும்.

இப்போது கொரியா. தூரத்து நாடு மாதிரி தோன்றும், ஆனால் ரங்கூன்காரர்களுக்கு அது அவ்வளவு தூரம் இல்லை. 1983 அக்டோபர் 9 காலை ஷ்வேடகான் பகோடா பக்கத்தில் உள்ள தியாகிகள் நினைவிடத்தில் குண்டு வெடித்தது. தென் கொரிய அதிபர் சுன் தூ-ஹ்வான் மலர்வளையம் வைக்க வரவேண்டிய நேரம், அவர் சில நிமிடம் தாமதமானதால் தப்பித்தார். 21 பேர் செத்தார்கள், அதில் 17 பேர் கொரியர்கள், அந்தக் கொரியர்களில் நான்கு பேர் அமைச்சர்கள். அந்தச் சத்தத்தை எங்கள் அப்பா கேட்டிருக்கிறார், இடி என்று நினைத்தாராம். குண்டு வைத்த மூன்று வட கொரிய ராணுவத்தினரும் வந்து இறங்கியது ரங்கூன் துறைமுகத்துக்கு வந்த ஒரு வட கொரியச் சரக்குக் கப்பலில். ஆற்று வழியாகத் தப்பப் பார்த்தபோதுதான் சிக்கினார்கள். பர்மா உடனே வட கொரியாவோடு உறவை முறித்துக்கொண்டது, மறுபடி சேர 2007 ஆனது. இரண்டு கொரியாக்களின் பகை எங்கள் ஆற்றுக்கே கப்பலேறி வந்தது.

அந்தப் பகையின் கடல் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றால் மஞ்சள் கடலில் இருக்கிற ஒரு கோட்டைப் பார்க்க வேண்டும். 1953 ஜூலை 27 போர்நிறுத்த ஒப்பந்தத்தில் தரையில் எல்லை தெளிவாக இருந்தது, கடலில் எதுவும் இல்லை. ஐந்து சின்னத் தீவுகள் மட்டும் தெற்கிடம் இருக்கும் என்று எழுதினார்கள், ஆனால் அவை வட கொரியக் கரையை ஒட்டி இருக்கின்றன. ஐ.நா. படைத் தளபதி மார்க் கிளார்க் அடுத்த மாதமே தானாக ஒரு கோடு போட்டார், வடக்கு எல்லைக் கோடு என்று பெயர். அதன் முதல் நோக்கம் தெற்கின் கப்பல்கள் ஆத்திரத்தில் வடக்கே போய்ச் சண்டை வளர்க்காமல் நிறுத்துவது. தன் ஆளைப் பிடித்து நிறுத்தப் போட்ட கயிறு காலப்போக்கில் எல்லை வேலியாகிவிட்டது, தெற்கு அதை நாட்டின் எல்லை என்கிறது, வடக்கு 1970களிலிருந்து அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

அந்தக் கடலில் ஜூன் மாதம் நண்டுக் காலம். வடக்கின் மீன்பிடிப் படகுகள் நண்டைத் தேடி தெற்கே வரும், அவற்றோடு ரோந்துப் படகுகளும் வரும். 1999 ஜூனில் தெற்கின் கப்பல்கள் அவற்றை இடித்துத் தள்ளப் பார்த்தன, ஜூன் 15 அன்று துப்பாக்கி வெடித்தது, சில நிமிடத்தில் வடக்கின் ஒரு டார்பிடோ படகு மூழ்கியது, மற்றவை அடிபட்டுத் திரும்பின. தெற்கில் வெற்றி என்றார்கள். மூன்று வருஷம் கழித்து, 2002 ஜூன் 29, தென் கொரியா உலகக் கோப்பைக் கால்பந்தில் மூன்றாவது இடத்துக்கு துருக்கியோடு ஆடுகிற நாள். அன்று காலை யோன்பியோங் தீவுப் பக்கத்தில் வடக்கின் படகு ஒன்று நெருங்கி வந்து தெற்கின் சம்சுரி-357 ரோந்துப் படகின் சுக்கான் அறையைச் சுட்டது. 1999க்குப் பழி என்றுதான் பலரும் பார்த்தார்கள். ஆறு பேர் செத்தார்கள், படகு இழுத்துக்கொண்டு போகும்போது மூழ்கியது. 2009 நவம்பரில் மறுபடி ஒரு மோதல், இந்தத் தடவை அடி வடக்குக்கு. 2010 மார்ச் 26 இரவு சோனான் என்ற தெற்கின் போர்க்கப்பல் இரண்டாகப் பிளந்தது, 46 பேர் போனார்கள். பன்னாட்டு விசாரணைக் குழு வட கொரிய டார்பிடோ என்றது, வடக்கு இல்லவே இல்லை என்கிறது. அந்த நவம்பரில் யோன்பியோங் தீவு மேலேயே வடக்கு பீரங்கியால் சுட்டது, நான்கு பேர் இறந்தார்கள், அதில் இருவர் சாதாரண வேலைக்காரர்கள்.

எண்ணிக்கையை விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது 2002க்கு அப்புறம் தெற்கின் கடற்படை தன் விதியை மாற்றியதுதான். அதுவரை எதிரிப் படகு கோட்டைத் தாண்டினால் ஐந்து படிகள் இருந்தன: ஒலிபெருக்கியில் எச்சரிக்கை, பலத்தைக் காட்டுவது, குறுக்கே போய் மறிப்பது, எச்சரிக்கைச் சூடு, கடைசியில் நேரடிச் சூடு. குறுக்கே போய் மறிக்கிற அந்த மூன்றாவது படியில்தான் சம்சுரி தன் விலாவை எதிரிக்குக் காட்டிக்கொண்டு நின்றது. அதனால் குறுக்கே மறிக்கிற படியை எடுத்துவிட்டு, ஐந்து படிகளை மூன்றாகக் குறைத்தார்கள், கடைசி இரண்டும் எச்சரிக்கைச் சூடும் நேரடிச் சூடும்தான். தன் பையன்கள் செத்த ஒரு படைக்கு இது நியாயமான மாற்றம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் என்ன நடந்தது பாருங்கள். எதிரில் வருபவன் வழி தவறி வந்த மீனவனா, சண்டைக்கு வருபவனா என்று யோசிக்க இருந்த நேரம் குறைந்துவிட்டது. அவநம்பிக்கை மனதில் இருக்கிற வரை அது வெறும் உணர்ச்சி, விதிப் புத்தகத்தில் ஏறிய பிறகு அந்த உணர்ச்சியே இல்லாத இருபது வயது மாலுமியும் அதன்படிதான் சுடுவான்.

அடிபட்ட நினைவை அவர்கள் இரும்பிலேயே வார்த்துவைத்தார்கள். செத்துப்போன சம்சுரி கேப்டன் யூன் யோங்-ஹா பெயரில் ஓர் ஏவுகணைப் படகு வகையே இருக்கிறது. சோனானின் உடைந்த உடலைத் தூக்கி பியோங்தேக் கடற்படைத் தளத்தில் வைத்திருக்கிறார்கள், புதிய போர்க்கப்பல் ஒன்றுக்கு மறுபடி சோனான் என்றே பெயர் வைத்து 2023இல் பணியில் சேர்த்தார்கள். வடக்கும் சளைத்ததில்லை, 1968இல் பிடித்த அமெரிக்க உளவுக் கப்பல் புயப்லோவை பியோங்யாங்கில் ஆற்றில் நிறுத்தி இன்றும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள்.

சமாதான முயற்சி இல்லாமல் இல்லை. 2004 ஜூனில் இரு கடற்படைகளும் கடலில் நேருக்கு நேர் வந்தால் ரேடியோவில் ஒருவரை ஒருவர் கூப்பிடலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். கூப்பிடும் பெயர்கள் இரண்டும் மலைகள்: தெற்கு ஹல்லாசான், வடக்கு பெக்துசான். ஒரு மாதம்தான் ஆனது. ஜூலையில் வடக்கின் ரோந்துப் படகு கோட்டைத் தாண்டியது, தெற்கு எச்சரிக்கைச் சூடு விட்டது, வடக்கு பதிலே சொல்லவில்லை என்று முதலில் அறிக்கை போனது. ஆனால் வடக்கு ரேடியோவில் பேசியிருந்தது, அந்தப் பதில் மேலிடத்துக்குப் போகவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. தெற்கின் பாதுகாப்பு அமைச்சர் பதவி விலகினார். கம்பியில்லாமல் பேச வசதி வந்துவிட்டது, எதிரில் இருப்பவன் பேசியதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளும் மனது வரவில்லை. எனக்கு இந்தக் கதையில் ஊலே நினைவுக்கு வருவார்.

மறுபடி 2008க்கு வருகிறேன். மே மாதம் கடலில் நின்ற அமெரிக்கக் கப்பல்கள் பதினைந்து தடவைக்குமேல் அனுமதி கேட்டதாக அவர்களுடைய தளபதி சொன்னார். அனுமதி கிடைக்கவே இல்லை, ஜூன் 5 அன்று திரும்பிவிட்டன. மிஸ்த்ரால் கொண்டுவந்த சரக்கும் தாய்லாந்தில்தான் இறங்கியது. அரசு நாளேடு, போர்க்கப்பலிலும் ராணுவ ஹெலிகாப்டரிலும் வருகிற உதவியை ஏற்க முடியாது என்று எழுதியது. இதற்கு நடுவில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் குஷ்நேர், பாதுகாக்கும் பொறுப்பு என்ற ஐ.நா. கொள்கையைக் காட்டி அனுமதி இல்லாமலே உதவியை இறக்கலாம் என்கிற மாதிரி பேசினார். நல்லெண்ணத்தில்தான் பேசியிருப்பார். ஆனால் மூன்று தடவை தண்ணீர் வழியாக நாட்டை இழந்தவர்களிடம், அதுவும் 2005இல் தலைநகரை ரங்கூனிலிருந்து தூக்கி 320 கிலோமீட்டர் உள்ளே நேபிடோவுக்குக் கொண்டுபோன ராணுவத்திடம், இதைவிடத் தவறான வார்த்தையைச் சொல்லியிருக்க முடியாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். புயலில் சுமார் 1,38,000 பேர் செத்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பழைய போர்களின் நினைவு ராணுவத் தலைவர்களின் பயத்தை விளக்கும், அவர்கள் செய்ததை நியாயப்படுத்தாது. முந்தின வருஷம்தான் புத்த பிக்குகள் தெருவில் இறங்கியிருந்தார்கள், புயல் அடித்த அடுத்த வாரமே அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடத்தினார்கள். தன் மக்களைப் பார்த்துப் பயந்தவர்களுக்கு லாம்பர்ட்டின் கப்பல் வசதியான காரணமாக இருந்தது. மக்கள் மனதில் உண்மையாகவே இருக்கிற ஒரு காயத்தை எடுத்துத் தன் முன்னால் கேடயமாகப் பிடிப்பது எல்லா நாட்டு ஆட்சியாளர்களுக்கும் கைவந்த வேலை, கொரியாவிலும் தேர்தல் வந்தால் அந்தக் கோட்டைப் பற்றிய பேச்சு சூடாகும். ஊலேயின் சந்தேகமும் தளபதிகளின் சந்தேகமும் ஒன்று போலத் தெரியும், ஒன்று இல்லை. அவர் தங்கைக்காக அழுதுகொண்டே சந்தேகப்பட்டார்.

அதே வருஷம் நவம்பரில் இன்னொன்று நடந்தது, ஒருவர்கூட சாகவில்லை என்பதாலோ என்னவோ வெளியே அதிகம் பேசப்படவில்லை. வங்கதேசத்தின் செயின்ட் மார்ட்டின் தீவுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 50 கடல் மைல் தூரத்தில் பர்மா எரிவாயு தேடத் தொடங்கியது. தேடியது தென் கொரியாவின் டேவூ நிறுவனம், 2004இல் ஷ்வே எரிவாயு வயலைக் கண்டுபிடித்ததும் அவர்கள்தான். காவலுக்கு பர்மியப் போர்க்கப்பல்கள் நின்றன. அது எங்கள் கடல் என்று வங்கதேசம் தன் போர்க்கப்பல்களை அனுப்பியது. சில நாட்கள் இரு கடற்படைகளும் பார்வைக்கு எட்டும் தூரத்தில் நின்றன, எல்லையில் தரைப்படையும் நகர்ந்தது. ஒரு வாரத்தில் தோண்டும் கப்பல் விலகியது, யாரும் சுடவில்லை.

அங்கேயும் கொரியா மாதிரிதான், கோடு இல்லாத கடல். 1974இல் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி ஒரு குறிப்பில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வங்கதேசம் அதை ஒப்பந்தம் என்றது, பர்மா வெறும் கூட்டக் குறிப்பு என்றது. முப்பத்து நான்கு வருஷம் இந்த இழுபறியில் போனது. ஆனால் இதற்கு அப்புறம் நடந்தது கொரியாவில் நடக்காத ஒன்று. 2009இல் வங்கதேசம் வழக்குத் தொடுத்தது, ஹாம்பர்க்கில் உள்ள கடல் சட்டத்துக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்தில் விசாரணை நடக்க பர்மா சம்மதித்தது. உள்ளே கப்பல் வரவே கூடாது என்ற அதே ராணுவ அரசு, வெளிநாட்டு நீதிபதிகள் முன்னால் வரைபடத்தை விரித்து வாதாடச் சம்மதித்தது என்பதை நான் இன்றும் பெரிய விஷயமாக நினைக்கிறேன். 2012 மார்ச் 14 தீர்ப்பு, 21 நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். 1974 குறிப்பு கட்டுப்படுத்தாது என்று பர்மா சொன்னதை ஏற்றார்கள். வங்கதேசக் கரை உள்வாங்கி வளைந்திருப்பதால் கோட்டைக் கொஞ்சம் திருப்பி அவர்களுக்கும் வழிவிட்டார்கள். செயின்ட் மார்ட்டினுக்குப் பன்னிரண்டு கடல் மைல் வரை கடல் உண்டு, அதற்கு அப்பால் அந்தத் தீவை வைத்து எதுவும் கேட்க முடியாது என்றார்கள். வழக்கில் இருந்த சுமார் 2,83,000 சதுர கிலோமீட்டர் கடலில் வங்கதேசத்துக்கு 1,11,600 சொச்சம், பர்மாவுக்கு 1,71,800 சொச்சம். இருவரும் ஏற்றுக்கொண்டார்கள். அந்தத் தீர்ப்பாயம் வரைந்த முதல் கடல் எல்லையே இதுதான்.

கோடு வந்துவிட்டது, அதனால் பயம் போய்விட்டதா என்று கேட்டால், கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2017 மார்ச்சில் வங்கதேசம் சீனாவிடமிருந்து வாங்கிய இரண்டு பழைய மிங் வகை நீர்மூழ்கிக் கப்பல்களைப் பணியில் சேர்த்தது. 2020இல் பர்மா இந்தியாவிடமிருந்து ஒரு நீர்மூழ்கி வாங்கியது, அடுத்த வருஷ டிசம்பரில் சீனாவிடமிருந்து இன்னொன்று, அதுவும் மிங் வகைதான். இரண்டு நாடுகளும் 2008இல் தண்ணீர் மேல் பார்த்துக்கொண்டதைத் தண்ணீருக்குக் கீழே தொடர்வது மாதிரி. 2017இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் நாஃப் ஆற்றைத் தாண்டி ஓடவேண்டி வந்த பிறகு நம்பிக்கை என்ற பேச்சுக்கே இடம் இல்லாமல் போனது. அடுத்த வருஷம் பர்மிய அரசின் வரைபடம் ஒன்றில் செயின்ட் மார்ட்டின் தீவு பர்மாவின் நிறத்தில் இருந்தது, டாக்கா உடனே தூதரைக் கூப்பிட்டுக் கேட்டது, தவறு என்று பதில் வந்தது. வரைபடத்தில் ஒரு நிறம் தவறாக விழுவது சாதாரண அலுவலகப் பிழையாகவும் இருக்கலாம். ஆனால் 2008ஐப் பார்த்தவர்கள் அதைப் பிழையாகப் பார்க்கவில்லை.

2024 ஜூனில் செயின்ட் மார்ட்டினுக்குப் போன படகுகள் மேல் பர்மியப் பக்கத்திலிருந்து குண்டு வந்தது, நாட்கணக்கில் தீவுக்குச் சாமான் போகவில்லை, கரையில் நின்றவர்கள் பர்மியப் போர்க்கப்பலைக் கண்ணால் பார்த்தார்கள். தீவையே பிடித்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. வங்கதேச ராணுவம் அறிக்கை விட்டது: அந்தக் கப்பல் பர்மிய ராணுவத்தை எதிர்க்கிற ஆயுதக் குழுவான அரக்கான் ஆர்மியோடு நடக்கிற சண்டைக்காக நிற்கிறது, பர்மாவின் கடல் எல்லைக்குள்தான் நிற்கிறது என்று. ஹாம்பர்க் கோடு இல்லாமல் இருந்திருந்தால் அந்த வாக்கியத்தை அவர்களால் எழுதியிருக்க முடியாது, எல்லைக்குள் என்று சொல்ல எல்லை வேண்டுமே. அந்த ஒரு வாரம் இரண்டாவது 2008 ஆகாமல் போனதில் அந்தக் கோட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

அந்த வருஷம் டிசம்பரில் அரக்கான் ஆர்மி எல்லை ஊரான மவுங்டாவைப் பிடித்தது, வங்கதேசத்தோடு இருக்கிற எல்லை முழுவதும் அவர்கள் கைக்குப் போனது. இன்று நாஃப் முகத்தில் ஒரு பக்கம் வங்கதேசக் கடலோரக் காவல் படை, வெளியே கடலில் பர்மியக் கடற்படை, கரையில் ஹாம்பர்க் தீர்ப்பில் பெயரே இல்லாத மூன்றாவது படை. கோட்டைத் தாண்டினார்கள் என்று அரக்கான் ஆர்மி பிடித்துவைக்கிற மீனவர்களில் பலர் ஷாபுரித் தீவுக்காரர்கள், 1823இல் சிப்பாய்கள் செத்த அதே மணல்மேட்டில் வலை காயப்போடுகிறவர்கள்.